ஒப்பீட்டுத் தெரு

காஞ்சிபுரத்தில் ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மனு எழுதுவது. இன்னொன்று, சாமியிடம் வேண்டிக்கொள்வது. இரண்டு இடத்திலும் கேட்டதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷம் மூன்றாவதாக ஒரு வழி திறந்தது. அதன் பெயர் 'உலக நலக் கற்றோர் களத்தோர் கூட்டிணைப்பு மன்றம்'. இது யாரும் கேட்காமலே வந்து பதில் சொன்னது.

மன்றத்தின் நோக்கத்தை அதன் செயலாளர் பேராசிரியர் பராங்குசம் ஊரெல்லாம் விளக்கினார். அவர் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், கல்லூரியில் சமூகவியல் சொல்லித் தருகிறவர், ஸ்கூட்டர் வைத்திருந்தார். உலகத்தில் படித்தவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள், வேலை செய்கிறவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள், இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை, அதனால்தான் வறுமை, நோய், யுத்தம் எல்லாம் என்பது அவருடைய வாதம். இருவரையும் ஒரே மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டால் மீதி தானாக நடக்கும். நாற்காலிக்கு ஜெனீவாவிலிருந்து உதவி வந்துகொண்டிருந்தது.

கண்ணாயிரம் ஊர்க் கிணறுகளில் இறங்கித் தூர் வாருகிறவர். யார் வீட்டுக் கிணற்றில் சேறு அடைத்தாலும், சொம்பு விழுந்தாலும், பூனை விழுந்தாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். அவர் குடியிருந்த சாயப்பட்டறைக் கீழத் தெருவுக்கும் ஒரு கிணறு இருந்தது. பட்டறைகளில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்து அலசி விடுகிற தண்ணீர் மண்ணில் இறங்கி நேராக அதில்தான் போய்ச் சேரும். எந்த முகூர்த்தத்துக்கு எந்த நிறப் புடவை ஓடுகிறது என்பது கடைக்காரர்களுக்கு முன்னால் கீழத் தெருப் பெண்களுக்குத் தெரிந்துவிடும். தையில் அரக்கு. வைகாசியில் மாம்பழ மஞ்சள். நடுவில் ஒரு வருஷம் மயில்கழுத்து வந்தபோது தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது. தூர் வாரினால் சேறு போகும், சாயம் போகாது. தெருவுக்கு ஓர் அடிபம்பு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் போடுவது என்பதில்தான் சந்தேகம்.

அந்த வருஷம் இந்தச் சந்தேகம் கண்ணாயிரத்தின் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய ஒரே மகள் வடிவை ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தார். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்புப் போட்டுக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும். வடிவின் மாமியார் லோகாம்பாள் கெட்டவள் அல்ல. சம்பந்தி வீட்டுக்கு ஒருநாள் வந்தவளுக்குக் கண்ணாயிரத்தின் மனைவி பூவம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். லோகாம்பாள் சொம்புக்குள் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது.

"பொண்ண அனுப்பறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி," என்றாள். "ஆனா இந்தத் தண்ணியில பச்சப் புள்ளைய குளிப்பாட்டினா அது என்னா கலர்ல திரும்பி வரும்னு நீங்களே சொல்லுங்க. தெருவுக்கு நல்ல தண்ணி வரட்டும். மறுநாளே வண்டி கட்டி அனுப்பறேன்."

அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வக்கில்லாத தகப்பன் என்று பெயர் வாங்குவதைவிட ஏதாவது கிணற்றில் இறங்கி மேலே வராமலே இருந்துவிடலாம் என்று கண்ணாயிரத்துக்குத் தோன்றியது. வடிவு வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்: "நான் அங்கதான் வருவேன். அப்பா எப்டியாவது பண்ணிடும்."

இந்த நிலைமையில் மன்றத்தின் தொடக்க விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தின் கொல்லைக் கிணற்றில் அன்றைக்குக் கண்ணாயிரம் தூர் வாரிக்கொண்டிருந்தார். மேடையில் கற்றோருக்கு ஒரு வரிசை, களத்தோருக்கு ஒரு வரிசை. கற்றோர் வரிசை நிரம்பி, மிச்சப் பேர் ஓரமாக நின்றார்கள். களத்தோர் வரிசை காலி. அழைப்பிதழ் எல்லோருக்கும் போயிற்று. களத்தோருடைய விலாசம்தான் மன்றத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஜெனீவாவிலிருந்து வந்திருந்த அம்மாள் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, இவர்கள் எங்கே என்று கேட்டுவிட்டார். பராங்குசம் கொல்லைப் பக்கம் ஓடினார்.

"யாரது உள்ளே? உடனே மேலே வாங்கோ!"

"இன்னும் ரெண்டு கூடை சேறு இருக்குது சார்."

"சேறு இருக்கட்டும். நீங்க என்ன தொழில்?"

"கெணத்துல எறங்கி…"

"போதும், போதும். துடைச்சுக்க வேண்டாம். அப்படியே வாங்கோ, அதுதான் வேணும்."

இடுப்புத் துண்டோடும் உடம்பெல்லாம் சேற்றோடும் கண்ணாயிரத்தை வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி பாழாகிவிடுமே என்று அவர் பாதிதான் உட்கார்ந்தார். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. மன்றத் தலைவர் டாக்டர் சக்ரவர்த்தி பேச எழுந்தார். அவர் சென்னையிலிருந்து வந்தவர். பல நாடுகளில் பேசியவர்.

"பெரியோர்களே! இத்தனை காலம் நாம் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இனிமேல் மக்களிடம் கற்கப்போகிறோம். எதைக் கற்பது என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டோம். இதோ, களத்திலிருந்து ஒருவர் ஈரம் காயாமல் வந்திருக்கிறார். இவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. இவருடைய மௌனமே ஓர் உரை. அதைச் சற்று விளக்குகிறேன்."

விளக்கினார். மௌனம் ரொம்ப நீளமானதாக இருந்தது. சாப்பாட்டுப் பந்தி போட்டு, முதல் பந்தி எழுந்த பிறகுதான் முடிந்தது.

அப்போதும் அந்த ஜெனீவா அம்மாள்தான், இவருக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டார். கேள்வி நிகழ்ச்சிநிரலில் இல்லாதது. பராங்குசம் வேறு வழியில்லாமல் மைக்கைக் கண்ணாயிரத்திடம் நீட்டினார்.

"எங்க தெருவுக்கு ஒரு அடிபம்பு வோணும் சார். எம் பொண்ணு பிரசவத்துக்கு வரணும். அவ்ளோதான்."

பராங்குசம் இதை இங்கிலீஷில் நெடுநேரம் சொன்னார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த சக்ரவர்த்தி மைக்கைப் பிடுங்கி, "கண்ணாயிரம் கேட்டது கிடைக்கும்! தண்ணீரே நமது முதல் திட்டம்!" என்று அறிவித்தார். பொன்னாடை வந்தது. பின்னாலேயே தாம்பூலத் தட்டு வந்தது.

இந்தப் பக்கத்தில் சபையில் வைத்து வெற்றிலை பாக்கு மாற்றுவது விளையாட்டுக் காரியம் அல்ல. பெண் கொடுப்பதானாலும் நிலம் கொடுப்பதானாலும் இரண்டு தரப்பும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை யாரும் மனுஷனாக மதிப்பதில்லை. கண்ணாயிரம் தட்டை வாங்கிக்கொண்டு சும்மா இறங்கவில்லை. கொல்லையில் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்துவரச் சொல்லி, அதன் பையிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் எடுத்துச் சக்ரவர்த்தியின் கையில் வைத்தார்.

"மாத்திக்கணும் சார். அப்பத்தான் செல்லும்."

சக்ரவர்த்திக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. போட்டோக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை மாற்றச் சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்று போட்டோக்காரர் சொன்னதால் மறுபடியும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வாக்கு இன்னும் கெட்டிப்படுவதாகக் கண்ணாயிரம் நினைத்துக்கொண்டார். மேடையை விட்டு இறங்கும்போது மகளை ஏற்றிவரும் வண்டியின் சத்தமே காதில் கேட்டதாகப் பிற்பாடு பூவம்மாளிடம் சொன்னார்.

தெருவில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர் கோதண்டபாணி. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெத்தல பாக்கு மாத்தினியா?"

"சபையில வெச்சி மாத்தினேம்பா. வெள்ளக்காரம்மா சாட்சி."

"அப்ப சரி," என்றார் கோதண்டபாணி. தெருவும் சரி என்றது.

அதற்குப் பிறகு மன்றம் வேலையில் இறங்கியது. மன்றத்தின் வேலை கூடுவது. கூடும்போது சமத்துவம் வேண்டும் என்பதற்காக நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வட்டம் சரியாக வராது. கணிதப் பேராசிரியர் ஒருவர் வந்து கயிறு பிடித்துச் சரி செய்வார். அதற்குள் காபி வந்துவிடும். காபி முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பார்கள். கண்ணாயிரம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேலையை விட்டுவிட்டுப் போனார். ஒரு தடவை குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனபோது பராங்குசம் அவரைத் தனியே அழைத்து, "தப்பா நினைச்சுக்கப்படாது. அடுத்த தடவை கொஞ்சம் சேறோட வாங்கோ. வெளியூர்க்காரா வந்தா உங்களை அடையாளம் தெரிய மாட்டேங்கறது," என்று கேட்டுக்கொண்டார்.

இன்னொரு கூட்டத்தில் பெரிய படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். ஜெனீவா ஒரு பெரிய வட்டம். சென்னை அதைவிடச் சின்ன வட்டம். காஞ்சிபுரம் கல்லூரி ஒரு பொட்டு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு புள்ளி. எல்லாவற்றையும் கோடுகள் இணைத்தன.

"அந்தப் புள்ளி நீங்கதான்," என்றார் பராங்குசம். "பாருங்கோ, உங்ககிட்டேர்ந்து பிரேசில் வரைக்கும் கோடு போறது!"

கண்ணாயிரம் பிரேசில் வரைக்கும் பார்த்தார். "அந்தக் கோட்டுல தண்ணி எப்ப சார் வரும்?"

"தகவல் வரும்," என்றார் பராங்குசம்.

தகவல் வரவில்லை, தகவல் கேட்கிறவர்கள் வந்தார்கள். கல்லூரிப் பெண்களும் பையன்களும் கீழத் தெருவில் வீடு வீடாக ஏறி, யார் யாருக்கு வயிற்றுப்போக்கு, எப்படிப்பட்டது, என்ன நிறம் என்று விசாரித்தார்கள். பூவம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னாள். கட்டின புருஷனிடம்கூடப் பேசாத சங்கதிகள். பம்பு வரும், மகள் வருவாள் என்று சொன்னாள். தெருப் பெண்கள் எல்லோரும் அதற்காகத்தான் சொன்னார்கள்.

ஐப்பசியில் ஐயம்பேட்டையில் வளைகாப்பு நடந்தது. கண்ணாயிரமும் பூவம்மாளும் சித்திரான்னமும் வளையலுமாகப் போனார்கள். வடிவு இரண்டு கையும் நிறைய வளையலோடு துணிமூட்டையை முன்னாலேயே கட்டி வைத்திருந்தாள். லோகாம்பாள் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "பம்பு வந்துடுச்சா சம்பந்தி?" என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

"வந்துக்கினே இருக்குது," என்றார் கண்ணாயிரம்.

"வந்த சேதி வரட்டும். நான் தடுக்க மாட்டேன்."

வடிவு மூட்டையை அவிழ்க்கவில்லை. அப்படியே மூலையில் வைத்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் மன்றத்தின் லாரி பம்போடு வந்தது. மாலை போட்டிருந்தது. கீழத் தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. பூவம்மாள் கற்பூரத்தட்டோடு நின்றாள். லாரி கீழத் தெரு முனையில் வேகத்தைக் குறைத்தது, டிரைவர் தலையை வெளியே நீட்டி, மேலத் தெரு எது என்று கேட்டான், கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

கண்ணாயிரம் லாரிக்குப் பின்னாலேயே ஓடினார். மேலத் தெருவில் துளைபோடும் ஆட்கள் காத்திருந்தார்கள். பராங்குசம் பந்தலில் நின்றிருந்தார்.

"சார், தெரு மாறிப் பூட்டுது சார்!"

"மாறலை. வாங்கோ, உட்காருங்கோ." பராங்குசத்தின் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அவர் பொய் சொல்லுகிற மனுஷர் அல்ல, அதுதான் கஷ்டம். "இது செயல் தெரு. உங்களுடையது ஒப்பீட்டுத் தெரு. ரெண்டு தெருவுக்கும் பம்பு போட்டுட்டா, தண்ணியாலதான் நன்மை வந்ததுன்னு எப்படி நிரூபிக்கறது? ஒரு தெருவிலே ஒண்ணுமே செய்யாம இருக்கணும். அது ரொம்பப் பெரிய பொறுப்பு. அதுக்கு மன்றம் ரொம்ப யோசிச்சு உங்க தெருவைத் தேர்ந்தெடுத்திருக்கு."

"நான்தான சார் கேட்டேன்? மேலத் தெருவுல யாரும் கேக்கலையே."

"அதனாலதான்! கேட்டவாளுக்கே குடுத்தா அது சாதாரண உதவி ஆயிடும். ஆராய்ச்சி ஆகாது. மேலத் தெருவுக்குக் கிடைச்சது வெறும் தண்ணி, கண்ணாயிரம். உங்களுக்குக் கிடைச்சிருக்கறது உலக அறிவிலே ஓர் இடம்."

கண்ணாயிரம் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உலக அறிவில் அவருடைய இடத்தில் அப்போது வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

மேலத் தெருப் பெண்கள் நல்லவர்கள். எங்கள் பம்பில் வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்று கீழத் தெருப் பெண்களைக் கூப்பிட்டார்கள். சில நாட்கள் குடங்கள் போய்வந்தன. கீழத் தெருவில் வயிற்றுவலி குறைய ஆரம்பித்தது. மன்றத்தில் ஒரே கலவரம். சென்னையிலிருந்து சக்ரவர்த்தியே காரில் வந்துவிட்டார். "ஒப்பீட்டுத் தெருவின் தூய்மை கெட்டுவிட்டது! யாரோ அவர்களுக்குச் சுத்தமான தண்ணீரைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!" என்று அவசரக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார். மறுநாள் மேலத் தெரு முனையில் ஊதலோடு ஒரு காவல்காரரை நிறுத்தினார்கள். கீழத் தெருக் குடம் தலை காட்டினால் அவர் ஊதுவார். அந்த ஊதலும் சீருடையும் உலக நல நிதியில் வாங்கியவை.

அப்போதும் கண்ணாயிரத்துக்கு ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. தேர்தல் வருவது அந்த வார்டு கவுன்சிலருக்குத் திடீரென்று நினைவுக்கு வந்து, கீழத் தெருவுக்குத் தாமே ஓர் அடிபம்பு தருவதாகச் சொன்னார்; சொன்னதோடு நிற்காமல் மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியும் விட்டார். வடிவுக்கு அப்போது நிறைமாதம். கண்ணாயிரம் ஐயம்பேட்டைக்கு ஆள் அனுப்பினார்: பம்பு வந்துவிட்டது, சம்பந்தியம்மாவை வண்டி கட்டச் சொல்.

வண்டி தெருவுக்குள் திரும்பும்போது எதிரே ஸ்கூட்டரும் காரும் வந்து நின்றன. சக்ரவர்த்தி இறங்கினார். கவுன்சிலரும் கூட இருந்தார். பராங்குசத்தின் கையில் கண்ணாடி போட்ட பெரிய போட்டோ. அதில் கண்ணாயிரம் சேற்று உடம்போடு சக்ரவர்த்திக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கவுன்சிலர் ஐயா, நாங்கள் மக்கள் வழக்கத்தை மதிக்கிறவர்கள்," என்றார் சக்ரவர்த்தி. "இந்த ஊர் வழக்கப்படி சபையில் தாம்பூலம் மாற்றினால் அது ஒப்பந்தம். இதோ, இந்தத் தெருவின் பிரதிநிதி மன்றத்தோடு மாற்றிக்கொண்டிருக்கிறார். இவர் விருப்பத்தோடு நம் திட்டத்தில் சேர்ந்தவர். திட்டம் முடியும்வரை இந்தத் தெருவில் வேறு யாரும் தண்ணீர் கொடுப்பது இவர் கொடுத்த வாக்கை அவமதிப்பதாகும்."

கவுன்சிலர் போட்டோவைப் பார்த்தார், கண்ணாயிரத்தைப் பார்த்தார். "நீதானேப்பா இது?"

"நான்தாங்க. ஆனா…"

"அப்புறம் என்னா ஆனா?" என்றார் கவுன்சிலர். ஒரு பம்பு மிச்சமாவதில் அவருக்குக் கசப்பு ஒன்றும் இல்லை. வண்டியை வேறு தெருவுக்கு ஓட்டச் சொன்னார்.

கண்ணாயிரத்துக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்த வரவில்லை, அழுகைதான் வந்தது.

"சார், பொண்ணு கேட்டு வந்து வெத்தல மாத்திக்கினீங்க. மாத்தினது எங்க வூட்ல. தாலி கட்டினது வேற வூட்ல. இப்ப எங்க வூட்டுப் பொண்ண வேற எவனும் கட்டக் கூடாதுன்னு குறுக்க வந்து நிக்கறீங்களே சார். இது நாயமா?"

"அருமை!" என்றார் சக்ரவர்த்தி. "பராங்குசம், இதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் மொழி!"

கோதண்டபாணி போட்டோவைப் பார்த்தார். தெருவும் பார்த்தது.  பிறகு அவரவர் வீட்டுக்குள் போனார்கள். பூவம்மாள் கதவைச் சாத்தவில்லை. அவ்வளவுதான் கண்ணாயிரத்துக்கு மிச்சம்.

ஐயம்பேட்டையில் வண்டி கட்டியிருந்தார்களாம். அடுத்த சேதி போனதும் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். வடிவுக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. கண்ணாயிரம் பார்க்கப் போனார். குழந்தை நன்றாக இருந்தது. வடிவு அவரைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏம்பா, தெருவுக்கு வந்த பம்ப நீதான் வோணாம்னியாமே?"

"யார்மா சொன்னது?"

"எல்லாருந்தான். போட்டோ இருக்குதாமே. மேடையில உக்கார வெச்சாங்கன்னு நீ ஒத்துக்கினியாமே. நான் துணிமூட்டைய இன்னும் அவுக்கலப்பா."

அவர் எவ்வளவோ சொன்னார். செயல் தெரு, ஒப்பீட்டுத் தெரு என்று சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது பராங்குசம் பேசுவது மாதிரியே அவர் காதுக்கே விழுந்தது. வடிவு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, சாப்ட்டுப் போ," என்றாள். அவர் சாப்பிடாமல் வந்தார்.

பங்குனியில் மன்றத்தின் நிறைவு விழா அதே மண்டபத்தில் நடந்தது. முடிவுகளைச் சக்ரவர்த்தி அறிவித்தார். "சுத்தமான தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு வயிற்றுவலி குறைவு. சாயத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு வயிற்றுவலி அதிகம். பெரியோர்களே, இனி இதை யாரும் மறுக்க முடியாது!" இதற்கு முன்னால் மறுத்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சிறந்த களத்தோர் என்று கண்ணாயிரத்துக்கு இரண்டாம் பொன்னாடை போட்டார்கள். பராங்குசம் அவர் காதருகில் குனிந்து, மனசு நிறையச் சொன்னார்:

"உங்க பொண்ணு பிரசவத்துக்கு வராதது எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்தது. கர்ப்பிணிகள் இடம் மாறறதைப் பத்தித் தனியா ஒரு அத்தியாயமே எழுதியாச்சு. ஜெனீவாவிலே அதைத்தான் ரொம்பப் பாராட்டறா."

"திட்டம் முடிஞ்சிடுச்சா சார்?" என்று கேட்டார் கண்ணாயிரம். "இனிமே எங்க தெருவுல யாராச்சும் பம்பு போடலாமா?"

"முடியறதாவது! இப்போதான் நீண்ட காலத் திட்டம் ஆரம்பம். அடுத்த தலைமுறை வரைக்கும் ஒப்பிடப்போறோம். உங்க பேத்தி பேரையும் சேர்த்தாச்சு."

கண்ணாயிரம் எழுந்தார். பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தே தெருவுக்கு வந்தார். வந்தால், கோதண்டபாணி வீட்டுக் கொல்லைக் கோடியில் பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். தன் மகனுக்கு வீடு கட்ட வைத்திருந்த மேட்டு நிலத்தைக் கோதண்டபாணி தெருவுக்கு விட்டுவிட்டார். சாயம் அவ்வளவு தூரம் எட்டாது. ஆண்கள் முறை போட்டுக் கடப்பாரை போட, பெண்கள் மண் சுமந்தார்கள். நாலாள் உயரம் இறங்கியிருந்தது. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தோண்டியிருக்கிறார்கள், யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கண்ணாயிரம் பொன்னாடையைக் கீழே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கயிற்றைப் பிடித்தார். கோதண்டபாணி அதை அவர் கையிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"நீ வோணாம்பா."

"கோவமா கோதண்டபாணி?"

"கோவம் இல்லப்பா. நீ எறங்கினா நாளைக்கு இது அவங்க கெணறாயிடும். உன் மூஞ்சியக் காட்டியே மூடச் சொல்லுவாங்க. எங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

காஞ்சிபுரத்தில் அவர் இறங்காத கிணறு கிடையாது. தன் தெருக் கிணற்றில் மட்டும் இறங்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, கோதண்டபாணி சொன்னது அத்தனையும் சரி. அவர் கரையை விட்டுத் தள்ளி வந்தார். அப்போது தெரு முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நீண்ட காலத் திட்டத்தைப் பராங்குசம் அன்றைக்கே தொடங்கிவிட்டார்.

கண்ணாயிரம் ஓட்டமாக ஓடி ஸ்கூட்டரை மறித்தார். "வாங்க சார், வாங்க! மொதல்ல எங்க வூடு. எங்கிட்ட சொல்றதுக்கு நெறைய இருக்குது." பேராசிரியரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய், கொல்லைப் பக்கம் முதுகு இருக்கும்படி உட்காரவைத்தார். பூவம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தாள்.

கேள்விகள் தொடங்கின. கண்ணாயிரம் வாழ்நாளில் சொல்லாத பொய்களையெல்லாம் அன்று மத்தியானம் சொன்னார். இல்லாத வயிற்றுவலி, வராத காய்ச்சல், பிறக்காத தம்பிகளுக்குப் பேதி. பராங்குசம் ஒரு கேள்வியை முடித்தால் அவரே அடுத்த கேள்வியை எடுத்துக் கொடுத்தார். வெயில் சாய்ந்தது. பேனாவில் மை தீர்ந்து பென்சிலுக்கு மாறினார்கள். திடீரென்று கொல்லைக் கோடியிலிருந்து பெரிய கூச்சல் எழும்பியது. பெண்கள் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று சொல்ல முடியாத கூச்சல். ஊற்றுக் கண்டால் எழும் கூச்சல் அது என்று கண்ணாயிரத்துக்குத் தெரியும். பூவம்மாளின் கையில் விசிறி நின்றுவிட்டது.

"என்ன அங்கே சத்தம்?" பராங்குசம் எழுந்தார். "போய்ப் பார்த்துட்டு வரலாமே."

"வோணாம் சார். எழவு வூடு. நீங்க போனா தீட்டு."

பராங்குசம் பட்டென்று உட்கார்ந்துவிட்டார். "யாரு போயிட்டா?"

"நம்ம தெருவுல ஒரு களத்தோர் சார்."

"அடடா," என்றார் பராங்குசம். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "தண்ணியாலதானே?" என்று ஆவலோடு கேட்டார்.

"ஆமா சார்," என்றார் கண்ணாயிரம். "தண்ணியாலதான். எழுதிக்கோங்க."